மாத்திரையை நிறுத்தாதீர்கள், பிள்ளைகளுக்குத் தனி வார்டு கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உசிலம்பட்டி பக்கம் மெடிக்கல் வைத்திருக்கிறேன். குழந்தைகள் மனநலம் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி எழுதுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் பெரும்பாலும் அது பரீட்சை பயம், செல்போன், அப்பா அம்மா பேசுவதில்லை என்ற மட்டோடு நின்றுவிடுகிறது. யாருமே இல்லாத வீட்டில் யாரோ தன்னைக் கேவலமாகத் திட்டுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பத்தாம் வகுப்புப் பெண்ணைப் பற்றி, நாலைந்து ராத்திரி கண் மூடாமல் ஓயாமல் பேசி, வீட்டுச் சாமானையெல்லாம் தெருவில் போகிறவர்களுக்குத் தூக்கிக் கொடுக்கிற பையனைப் பற்றி, சாப்பிடாமல் பேசாமல் வைத்த கை வைத்தபடி விறைத்துப்போய் இருக்கிற பிள்ளையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இதெல்லாம் படிப்புச் சுமையால் வருகிற சலிப்பு இல்லை, கடுமையான நோய். இதற்கு வைத்தியம் இருக்கிறது, நம் ஊர்ப் பக்கமே இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. அப்படி இருந்தும் எத்தனையோ பிள்ளைகள் தேறாமல் போகிறார்கள். ஏன் என்று என் கடையில் நின்று பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. அதில் மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம்), இருமுனை நோய் (ஒரு சமயம் அளவு மீறிய உற்சாகம், ஒரு சமயம் சோர்வு), உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குப் போகும் மனச்சோர்வு போன்ற கடும் நோய்கள் ஒரு சிறு பங்குதான். மனச்சிதைவு 13 வயதுக்கு முன்னால் வருவது அபூர்வம், அதற்கப்புறம் வயது ஏற ஏறத்தான் அதிகம். அதாவது சரியாகப் பத்தாவது, பிளஸ் டூ நேரத்தில் தலைகாட்டும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் இது நோய் என்று தோன்றுவதில்லை. மார்க் குறைகிறது, குளிக்க மாட்டேன் என்கிறான், பகலில் தூங்கி ராத்திரி விழித்திருக்கிறான், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறீர்கள் என்று அம்மாவையே சந்தேகப்படுகிறான். உடனே திமிர் என்பார்கள், அப்புறம் காதல் தோல்வி என்பார்கள், அப்புறம் கஞ்சா பழக்கம் என்பார்கள் (கஞ்சாவும் இந்த நோயைத் தூண்டிவிடும், அதையும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது), கடைசியில் காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்பார்கள்.

சாமி கும்பிடாதே என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். கும்பிட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கும் போங்கள் என்பேன், அவ்வளவுதான். ஆனால் குறி கேட்டு, கோடாங்கி வைத்து, கயிறு கட்டி, வேப்பிலையால் அடித்து, ஒரு ஊரில் சரியாகவில்லை என்று அடுத்த ஊருக்குப் போய், இப்படியே ஒரு வருஷம் ஓடிவிடுகிறதே, அந்த ஒரு வருஷம் சாதாரண வருஷம் இல்லை. நோய் தொடங்கி எவ்வளவு காலம் வைத்தியம் இல்லாமல் கிடக்கிறதோ, அந்த அளவுக்கு அப்புறம் தேறுவதும் தாமதமாகும், முழுசாகத் தேறும் வாய்ப்பும் குறையும் என்பது பல நாடுகளில் பார்த்து உறுதிசெய்த விஷயம். வளர்கிற வயதில் அந்த ஒரு வருஷத்தோடு படிப்பும் போகிறது, சிநேகிதமும் போகிறது.

அதைவிடக் கொடுமை, கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிற பேச்சு. பதினாறு பதினேழு வயதுப் பெண்ணுக்கு யாருக்கும் தெரியாமல் தாலி கட்டிவைத்துவிட்டு, மாத்திரை சாப்பிடுவது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். 18 வயதுக்கு முன்னால் கல்யாணம் செய்து வைப்பது 2006 சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம். நோயோடு இருக்கிற பிள்ளையைப் புது வீட்டில், புது ஆட்களுக்கு நடுவில், மருந்தும் இல்லாமல் கொண்டுபோய் விட்டால் அவள் என்ன ஆவாள்? தூக்கம் கெடும், நோய் முற்றும், பெண் பைத்தியம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். எங்கள் பக்கம் இப்படித் திரும்பி வந்த பெண்கள் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் இதை ஒருமுறையாவது யோசிக்க வேண்டும்.

சரி, டாக்டரிடம் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்குப் பேய் பிடித்த மாதிரி இருப்பதெல்லாம் மனச்சிதைவும் இல்லை. சில பெண் பிள்ளைகள் சாமி வந்த மாதிரி ஆடுவதற்கும், திடீர் திடீரென மயங்கி விழுவதற்கும் பின்னால் வீட்டிலோ பள்ளியிலோ யாராவது செய்த பாலியல் கொடுமை இருக்கும். அதற்குத் தேவை முதலில் பாதுகாப்பு, அப்புறம் தனியாக உட்கார வைத்து நிதானமாகப் பேசுகிற ஒருவர். மந்திரித்தால் அந்த விஷயம் வெளியே வராமலே போய்விடும். இன்னொரு பக்கம், மூளையில் எதிர்ப்புச் சக்தியே எதிரியாகி வருகிற ஒரு வீக்கம் இருக்கிறது. என்எம்டிஏ ஏற்பி மூளையழற்சி என்று 2007இல் அடையாளம் கண்டார்கள். இளம் பெண்களுக்கு அதிகம் வரும். முதல் சில நாள் பார்த்தால் அப்படியே மனநோய் போல இருக்கும், அப்புறம்தான் வலிப்பு, வாய் கோணுவது, பேச்சு நிற்பது எல்லாம் வரும். முதுகுத் தண்டில் நீர் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும், அதற்கான மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். உடம்பில் செம்பு சேர்ந்துகொள்ளும் வில்சன் நோய், தைராய்டு, வலிப்பு நோய், இவையும் இப்படி வேஷம் போட்டு வரும். அதனால் டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னால், ஸ்கேன் எடுக்கச் சொன்னால், கண் டாக்டரிடமோ நரம்பு டாக்டரிடமோ அனுப்பினால், அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். சிறு பிள்ளைக்குத் திடீரென்று இப்படி வந்தால் அதெல்லாம் பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். என் தொழிலே அதுதான், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் அக்கா மகளுக்குப் பதினைந்து வயதில் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) தாய்மாமன் என்ற முறையில் நானும் கூடப் போனேன். குரலை அடக்க ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரை எழுதினார்கள். சில வாரத்தில் குரல் மெல்ல மெல்ல அடங்கியது, பிள்ளை சிரித்துப் பேசினாள். அப்புறம் மாதவிலக்கு நின்றுபோனது. அந்த மருந்து சிலருக்குப் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டிவிடும், அதனால் விலக்கு தள்ளிப்போகும், மார்பில் பால் கூடச் சுரக்கும், பையன்களுக்கு மார்பு பெருக்கும். இப்படி ஆகலாம், ஆனால் வந்து சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம் என்று ஒரு வார்த்தை அங்கே யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. வயதுப் பெண்ணுக்கு விலக்கு நின்றால் நம் ஊரில் வீட்டுக்குள் என்ன பேச்சு கிளம்பும் என்று உங்களுக்குத் தெரியும். அக்கா பயந்துபோய் என்னிடம் கூடச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாசமே குரல் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. மறுபடி போனபோது வேறொரு டாக்டர் பொறுமையாகக் கேட்டு, ரத்தத்தில் அந்த ஹார்மோனைப் பார்த்து, அரிப்பிப்ரசோல் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார். விலக்கும் சரியானது, குரலும் அடங்கியது. ஒரு வருஷம் பிந்தினாலும் பிளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டாள். முதல் நாளே அந்த இரண்டு நிமிஷப் பேச்சைப் பேசியிருந்தால் நடுவில் அந்தப் பிள்ளை பட்ட பாடு இல்லை.

ஹாலோபெரிடால் மாதிரிப் பழைய மருந்து கொடுத்தால், முக்கியமாக இளவயதுப் பையன்களுக்கு, முதல் சில நாளில் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்கு தடிக்கும். பார்க்கவே பயங்கரமாக இருக்கும். பேய் திரும்பி வந்துவிட்டது என்று அன்றைக்கே கோடாங்கியிடம் ஓடுகிறார்கள். அது மருந்தின் பக்க விளைவு, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போனால் ஊசியில் சீக்கிரமே சரியாகிவிடும். இதே நோய்க்குக் கொடுக்கிற ஓலான்சபைன் சாப்பிட்டால் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட வேகமாக எடை ஏறும், சர்க்கரையும் கொழுப்பும் ஏறலாம். எடையை மாதாமாதம் பார்க்கச் சொல்லுங்கள், டாக்டரிடம் கேட்டால் மாற்று வழி இருக்கிறது. இருமுனை நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிற பிள்ளைக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தத்தில் அதன் அளவு பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் விளையாடினாலும், வாந்தி பேதி வந்தாலும் அந்த அளவு ஏறி விஷமாகிவிடலாம். முக்கியமாக ஒன்று, லித்தியம் சாப்பிடுகிறவர்கள் மெடிக்கலில் வந்து உடம்பு வலி மாத்திரை சும்மா வாங்கிச் சாப்பிடக் கூடாது. டைக்ளோபெனாக், ஐபுப்ரோபேன் எல்லாம் லித்தியத்தை உடம்பில் தேக்கிவிடும். என்னைப் போல் கடை வைத்திருக்கிறவர்களும் இதைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். இருமுனை நோய்க்குக் கொடுக்கிற இன்னொரு மருந்தான வால்புரோயேட் பெண் பிள்ளைகளுக்கு எழுதப்பட்டிருந்தால், பின்னாளில் கர்ப்பமானால் குழந்தைக்குப் பிறவிக் குறை வரும் அபாயம் அதிகம், வேறு மருந்து முடியுமா என்று தைரியமாகக் கேளுங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை தொடங்கிய முதல் சில வாரம் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். சில பிள்ளைகளுக்கு அப்போது தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2004லேயே எச்சரித்தது. அதற்காக மருந்தே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் அர்த்தம்.

இரண்டு மருந்து முயன்றும் குரல் அடங்காத பிள்ளைகளுக்குக் குளோசபைன் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளை அணு குறையலாம் என்பதால் ஆரம்ப மாதங்களில் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை வேண்டும். அந்தப் பரிசோதனைக்குப் போய்வர முடியாது என்பதற்காகவே இந்த மருந்து கிடைக்காமல் போகும் பிள்ளைகள் இருக்கக் கூடாது. உசிலம்பட்டியில் எடுக்க முடிகிற ரத்தத்துக்கு மதுரை வரை ஏன் போக வேண்டும்? அறிக்கையை போனில் அனுப்ப முடியாதா?

இவ்வளவு சொல்வது பயமுறுத்த இல்லை. பக்க விளைவைச் சொல்லாமல் மறைப்பதால்தான் மாத்திரை நிற்கிறது, மாத்திரை நிற்பதால்தான் நோய் திரும்புகிறது. முதல் தடவை நோய் வந்து தேறிய பிறகும் குறைந்தது ஒன்றிரண்டு வருஷம் மாத்திரை தொடர வேண்டியிருக்கும். நல்லாயிட்டான், இனி எதுக்கு என்று கேட்கிற அப்பாக்களிடம், மாத்திரை சாப்பிடுவதால்தான் நல்லா இருக்கிறான் என்று சொல்லி அனுப்பியபடியே இருக்கிறேன்.

அப்புறம் வார்டு. சில பிள்ளைகளை அட்மிட் செய்துதான் ஆக வேண்டும். சாப்பிடாமல் விறைத்துக் கிடக்கிற பிள்ளையை, கிணற்றில் குதிக்கப்போன பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. அக்கா மகளை முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியில் பெரிய பெண்களோடு ஒரே ஹாலில்தான் படுக்க வைத்தார்கள். ராத்திரி யாரோ அலற, இவள் நடுங்கிப்போய் அக்கா மடியிலேயே விடியவிடிய உட்கார்ந்திருந்தாள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவை அப்புறம்தான் எடுத்துப் படித்தேன். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தனி இடத்தில், அவர்கள் வயதுக்கும் வளர்ச்சிக்கும் ஏற்ற சூழலில் வைக்க வேண்டும். சேர்த்திருக்கிற காலம் முழுக்க காப்பாளரோ அவர் ஏற்பாடு செய்யும் உதவியாளரோ கூடவே இருக்க வேண்டும், பெண் பிள்ளைக்கு ஆண் காப்பாளர் என்றால் ஒரு பெண் உதவியாளர் வேண்டும். சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு (நோயாளிகளின் உரிமையைக் கவனிக்க இதே சட்டப்படி அமைவது) தெரிவிக்க வேண்டும். இவ்வளவும் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. வீட்டுக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். கூட இருக்க விடமாட்டோம் என்றால் எந்தச் சட்டப்படி என்று கேளுங்கள்.

அதே சட்டத்தின் 95ஆம் பிரிவு, மயக்க மருந்து இல்லாமல் கரண்ட் வைத்தியம் யாருக்குமே கூடாது என்கிறது. சிறுவர்களுக்கு அதை மயக்க மருந்தோடு கொடுப்பதற்கே காப்பாளர் சம்மதமும் வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். விறைத்துக் கிடக்கிற பிள்ளைக்கு முதலில் லோரசிபாம் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள், பலருக்கு அதிலேயே நல்ல மாற்றம் தெரியும். அதற்கும் கேட்காமல் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் கரண்ட் வைத்தியம் உயிரைக் காப்பாற்றக்கூடியது, சினிமாவில் காட்டுகிற மாதிரி இல்லை. சங்கிலி போடுவதையும் அதே பிரிவு அடியோடு தடை செய்கிறது. நம் தென்மாவட்டமான ராமநாதபுரத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி சங்கிலியோடு கிடந்தவர்கள் தீயில் வெந்து 28 பேர் செத்தார்கள். அதைப் பார்த்த தலைமுறை நாம். இன்றைக்கும் வீட்டுக்குள் பிள்ளையின் காலைக் கட்டி வைத்திருப்பதாகக் காதில் விழுந்தால், அந்த வீட்டாரைத் திட்டுவதால் பலன் இல்லை, அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், அல்லது கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விடுங்கள்.

நான் அரசிடம் கேட்பது இதுதான். தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் எல்லாப் பக்கமும் பெரிய வைத்தியம் என்றால் மதுரைக்குத்தான் வருகிறார்கள். குழந்தை மனநலத்தில் தனிப் பயிற்சி பெற்ற டாக்டர்கள், நர்ஸ்கள், மனநல ஆலோசகர், பாடம் சொல்லிக் கொடுக்க ஒரு டீச்சர் என்று முழு அமைப்போடு, அம்மா பக்கத்திலேயே படுத்துக்கொள்ள இடத்தோடு, தென்மாவட்டப் பிள்ளைகளுக்காக ஒரு முழு வார்டு மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இயங்க வேண்டும். பெங்களூருக்கும் வேலூருக்கும் போகிற வசதி கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு இல்லை.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு மாத்திரை தடைபடாமல் கிடைப்பது அதற்குச் சமமான விஷயம். மாத்திரைக்காக மாசாமாசம் அம்மா கூலியை விட்டுவிட்டு, மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறி, ஓபி சீட்டுக்கு வரிசையில் நிற்கிறார். ஒரு மாசம் போக முடியவில்லை என்றால் அந்த மாசம் மாத்திரை இல்லை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது, நல்ல திட்டம். டாக்டர் எழுதிய இந்த மாத்திரைகளையும் அதே வழியில், யாருக்கு என்ன நோய் என்று தெரு முழுக்கத் தெரியாமல் பக்குவமாக, கொடுக்கலாமே.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை. தேறி வருகிற பிள்ளையை டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பாதீர்கள். மாத்திரையால் காலையில் மந்தமாக இருக்கும், கை லேசாக நடுங்கும், எழுதுவது மெதுவாக இருக்கும். முதல் பீரியடில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளில் மனநோயும் ஒன்று, அரசு டாக்டரிடம் சான்று பெற்றால் பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்க வழி இருக்கிறது. தலைமையாசிரியர்கள் இதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். மனம் சரியில்லாத பிள்ளை பற்றிய செய்தி எதுவாக இருந்தாலும் கீழே 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணைப் போடுங்கள், இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அப்புறம், மாவட்ட மனநலத் திட்டத்தில் எந்த ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்பது ஊரில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே தெரியாது. உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி என்று ஊர் வாரியாக அந்த விவரத்தைக் கேட்டு வாங்கி, மதுரைப் பதிப்பில் மின்தடை அறிவிப்பு போடுகிற பக்கத்தில் வாராவாரம் போடுங்கள். அந்தத் துண்டை வெட்டி என் கடை கண்ணாடியில் நான் ஒட்டி வைக்கிறேன், மற்ற மெடிக்கல்காரர்களிடமும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்